நாக்கில் வைத்த மணல்

மச்சான் அந்த மணலில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தபோது மணி பதினொன்றே கால். நேரம் சரியாகத் தெரியும். கடிகாரம் நனையாமலிருக்க அதைக் கழற்றிப் பாறைமேல் வைத்திருந்தேன். அவர் மென்றுவிட்டுத் துப்பிய எச்சில் அதன்மேல் தெறித்தது. துடைத்துக்கொண்டே மணி பார்த்தேன்.

மச்சான் என் அக்காவின் கணவர். போடியில் ஏலக்காய் வியாபாரம். நான் மதுரையில் ஒரு நாளிதழில் இருபது வருடம் செய்தியாளராக இருந்துவிட்டு ஊர் திரும்பி, அவர்கள் வீட்டில் தங்கியிருப்பவன். திரும்பி வந்தவனுக்கு ஓர் ஆசை வந்தது: வீட்டு முன்அறையில் மூன்றடி நீளத்துக்கு ஓர் உப்புநீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்க்க வேண்டும். மலையடிவாரத்தில் இருந்துகொண்டு கடலை வீட்டுக்குள் கொண்டுவருவானேன் என்று அக்கா கேட்டாள்.

இந்தத் தொட்டிக்கு ஆற்று மணல் ஆகாது. சிப்பியும் பவளத்துகளும் சேர்ந்த சுண்ணாம்பு மணல் வேண்டும். ஒரு சொட்டு வினிகர் விட்டால் அது நுரைக்கும்; ஆற்று மணல் சும்மா கிடக்கும். பருமனும் முக்கியம். மாவாக இருந்தால் நீரோட்டத்தில் கிளம்பிப் பவளத்தின்மேல் படியும். பெரிதாக இருந்தால் இடுக்கில் கழிவு தங்கி அழுகும். ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் சரியான அளவு.

மில்லிமீட்டர் என்றதும் மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏலக்காயையும் மில்லிமீட்டர் கணக்கில்தான் சல்லடை போட்டுத் தரம் பிரிப்பார்கள்.

"எம்எம் பாத்து வாங்குற சரக்குக்கு நான் வராம எப்புடி மாப்ளே? நீ தனியாப் போனா தலையில மண்ண அள்ளிப் போட்டு அனுப்பிருவான்."

மதுரையில் அலங்கார மீன் கடைக்காரர் மூடிய பைகளைக் காட்டினார். உள்ளே ஈரமான மணல், கண்ணுக்குத் தெரியாத உயிர்களோடு.

"பிரிச்சுக் காட்டு" என்றார் மச்சான்.

"பிரிச்சா உள்ள இருக்கிற பாக்டீரியா செத்துரும்ணே."

"அப்ப நான் பாக்காம வாங்கிட்டுப் போயி வீட்ல பிரிச்சா மட்டும் அது பொழைச்சுக்கிருமா?"

கடைக்காரர் சிரித்துவிட்டு, சில்லறையில் விற்கும் உலர்ந்த மணல் மூட்டையைத் திறந்தார். நம் கடலில் பவளம் அள்ளுவது குற்றம் என்பதால், எங்கிருந்து வந்தது என்று கேட்டு இறக்குமதி ரசீதை வாங்கிப் படித்தேன். மச்சான் ரசீதைப் பார்க்கவில்லை. உள்ளங்கையில் பரப்பி ஊதினார். வெளிச்சத்தில் திருப்பினார். ஒரு துகளை எடுத்துக் கடித்தார். போடியில் காயைப் பிரித்து உள்ளிருக்கும் கறுப்பு விதையை வாயில் போடாமல் எந்த வியாபாரியும் விலை பேசமாட்டார். அந்தப் பழக்கம் மணலுக்கும் வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. இருபத்தைந்து கிலோவை நாங்கள் கொண்டுபோன சாக்கில் கொட்டி வாங்கி வந்தோம்.

சுண்ணாம்புத்தூள் போகப் பத்துத் தடவையாவது கழுவ வேண்டும். வீட்டுக் குழாய்த் தண்ணீர் அதற்குக் காணாது. மலையில் குரங்கணிக்கு மேலே மச்சானுக்குக் கொஞ்சம் தோட்டம் உண்டு: காப்பி, ஏலம், கீழ்ப்பகுதியில் வாழை. ஓடையிலிருந்து ஓஸ் வழியாகத் தண்ணீர் நிற்காமல் கொட்டும். செவ்வாய்க்கிழமை சாக்கைத் தோட்டத்துக் கொட்டகையில் இறக்கினோம். வெள்ளிக்கிழமை காலையில் கழுவப் போனோம்.

வாழைக்குப் போகும் வாய்க்கால் ஓரத்தில் பெரிய பிளாஸ்டிக் தொட்டியை வைத்து இருவரும் முழங்கை வரை கையை விட்டு அலசினோம். முதல் தண்ணீர் பால்போல வந்தது. இரண்டாம் தண்ணீரில் ஒன்றைக் கவனித்தேன். வெள்ளை மணலுக்குள் அங்கங்கே கருநீலத்தில் பொடித் துகள்கள். கடையில் பார்த்ததாக நினைவில்லை. ஏதோ கிளிஞ்சலின் உடைசல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறரைக் கேள்வி கேட்டே சம்பளம் வாங்கியவன், அன்று கேட்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்கவில்லை.

மூன்றாம் தண்ணீரை வடித்ததும், சுண்ணாம்பு போய்விட்டதா என்று பார்க்க மச்சான் அந்தச் சிட்டிகையை வாயில் போட்டார்.

"லேசாக் கசக்குது மாப்ளே. இன்னும் ஏழெட்டுத் தண்ணி விடணும்."

நான்காம் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது, தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் காப்பிச் செடிகளுக்கிடையே விறகுச் சுமையோடு இறங்கி வந்தார். ஐம்பது வயதிருக்கும். எங்களைப் பார்த்து நின்றார்.

"என்னண்ணே, மருந்து மண்ணப் போயிக் கழுவிக்கிட்டு இருக்கீக?"

"எது ஆத்தா மருந்து மண்ணு?" என்று கேட்டார் மச்சான்.

"இந்தச் சாக்குதான். புதன்கெழம வாழைக்குக் குருண மருந்து வச்சோம்ல. கொட்டாயில நல்லா பொலபொலன்னு மணல் இருந்துச்சு. அதுல கலந்துதான் தூவுனோம். மிச்சத்த வீணாக்குவானேன்னு திரும்பச் சாக்குலயே கொட்டி வச்சேன்."

"அது மீனுக்கு வாங்குன மணலு ஆத்தா!"

"மீனுக்கு எதுக்குண்ணே மணலு?"

குருணை மருந்து பூச்சிக்கொல்லி. துகள் துகளாக வருவது. ஒரு செடிக்குக் கொஞ்சம்தான் போட வேண்டும். கையால் சீராகத் தூவ வராது என்பதால் காய்ந்த மணலில் கலந்து தூவுவார்கள். கட்டட வேலை நடக்காத தோட்டத்துக் கொட்டகையில் மணல் இருந்தால் அது மருந்துக்குத்தான். அம்மாள்மேல் தப்பே இல்லை. அந்தச் சரிவில் யாராக இருந்தாலும் அதையே செய்திருப்பார்கள். சாக்கை அங்கே இறக்கிவைத்து, எதற்கென்று ஒரு வார்த்தை சொல்லாமல் போனவர்கள் நாங்கள்.

மச்சான் சிரிக்க முயன்றார். "ஒரு சிட்டிக தானடா?"

இருபது வருடத்தில் பூச்சிமருந்துச் செய்திகள் எத்தனை எழுதியிருப்பேன் என்று தெரியாது. எல்லாம் ஒற்றைப் பத்தி. 'சிகிச்சை பலனின்றி' என்ற இரண்டு சொற்களை யோசிக்காமலே எழுதுவேன். அவற்றை எழுதுவதற்கு முன் மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதெல்லாம் அந்த நிமிடம் வரிசையாக நினைவுக்கு வந்தது. எச்சில் ஊறும். வியர்க்கும். கண்மணி சுருங்கும். நாடி தளரும். பிறகு மூச்சு.

வாயைத் திரும்பத் திரும்பக் கொப்பளிக்கச் சொன்னேன். சட்டையைக் கழற்றச் சொன்னேன். அம்மாள் துணிசோப்பைக் கொண்டுவந்தார். இருவரும் தோள்வரை தேய்த்துக் கழுவினோம். மருந்துப் பொட்டலத்தின் காலி உறை கிடைக்குமா என்று கேட்டேன். என்ன மருந்து என்று தெரியாமல் ஆஸ்பத்திரியில் நேரம் போன கதைகளைக் கேட்டிருக்கிறேன். அவர் கொட்டகைக்கு ஓடி உறையை எடுத்து வந்தார். விறகுச் சுமை வழியிலேயே சரிந்து கிடந்தது.

செல்போனில் சிக்னல் இல்லை. ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப் வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். நாங்கள் வந்த ஜீப் கொட்டகை முன்னால் நின்றுகொண்டிருந்தது, ஆனால் எனக்கு ஸ்கூட்டர் மட்டுமே ஓட்டத் தெரியும்.

மச்சான் சாவியைத் திருகினார். "ஏறு. வெரசாப் போயிருவோம்."

"நீங்க ஓட்டக் கூடாது மச்சான்."

"பெறகு? நீ ஓட்டுனா மருந்துக்கு வேல வைக்க மாட்ட. மொத வளைவுலயே ரெண்டு பேரையும் முடிச்சிருவ."

ஏறினேன். அந்தப் பாதையில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் சரிவு. நான் பாதையைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே எட்டித் துப்பினார். அருவருப்பா, எச்சில் ஊறுகிறதா? நெற்றியில் வியர்வை. வெயிலா, மருந்தா? எனக்கும் வியர்த்தது. அதனால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியவில்லை.

"பேசிக்கிட்டே வாங்க மச்சான்."

"என்னத்தப் பேச?"

"எதையாச்சும்."

"வயித்தப் பெரட்டுது" என்றார்.

ஒரு வளைவில் வண்டியை மெதுவாக்கினார். பிறகு, எதிரே வெயிலில் பளிச்சென்று கிடந்த பாதையைப் பார்த்து, "ஏண்டா மாப்ளே, மேகம் போட்டிருக்கு?" என்று கேட்டார்.

வானத்தில் மேகமே இல்லை. கண்மணி சுருங்கினால் வெளிச்சம் குறைந்து தெரியும் என்று ஒரு மருத்துவர் எனக்குச் சொல்லியிருந்தார். நான் ஹேண்ட்பிரேக்கின்மேல் கையை வைத்தேன். "ஆமா, லேசா மூட்டம்" என்றேன். உண்மையைச் சொன்னால் அவர் பயந்துவிடுவார்; பயந்தால் ஸ்டியரிங் ஆடும். வளைவுகள் முடிந்து சமவெளி வரும்வரை என் கை அங்கேயே இருந்தது. சிக்னல் வந்ததும் அக்காவைக் கூப்பிட்டு, ஆஸ்பத்திரிக்கு வா என்று மட்டும் சொன்னேன்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் மச்சான் மதிலைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். பணியிலிருந்த மருத்துவர் இளம்பெண். உறையை வாங்கிப் படித்தார். டார்ச் அடித்து மச்சானின் கண்ணைப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். கறுப்பு, குண்டூசித் தலை அளவுக்குத்தான் இருந்தது.

"எவ்வளவு சாப்பிட்டார்?"

"ஒரு சிட்டிகை மணல். அதுல எவ்வளவு மருந்து இருந்துச்சுன்னு தெரியாது."

"மணல எதுக்குச் சாப்பிட்டார்?"

விளக்க முயன்றேன். ஏலக்காய், மில்லிமீட்டர், பவளம். பாதியில் கையமர்த்திவிட்டு ஊசி போடப் போய்விட்டார். என்னை மறுபடி குளித்து மாற்று உடை போட்டு வரச் சொன்னார்கள். நான் திரும்பியபோது அக்கா கட்டிலருகே நின்றிருந்தாள். அழவில்லை. என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

"மீனுக்கு மெத்த விரிக்கப் போயி என் தாலிய அறுக்கப் பாத்தியாடா?"

அப்போது அது பொய்யென்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை.

சிறிது நேரத்துக்கொரு முறை ஊசி. ஒவ்வொரு ஊசிக்குப் பின்னும் டார்ச். மூன்றாவது ஊசிக்கப்புறம் மச்சானின் முகம் சிவந்தது. நாக்கு வறண்டு, பேச்சு குழறியது. திரைச்சீலையைப் பார்த்து, "அந்த லாட்ட விடாத, கேளு, கேளு" என்று விரலை உயர்த்தினார். ஏலக்காயை லாட் லாட்டாக ஏலம் விடும் கூடத்தில் உட்கார்ந்திருப்பதாக நினைப்பு. அக்கா அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். அது மறுபடி எழுந்தது. விஷம் மூளைக்கு ஏறிவிட்டது என்று நினைத்தேன். அக்கா ஓடிப்போய் மருத்துவரைக் கூட்டி வந்தாள்.

"இது விஷத்தால இல்ல. நாங்க போடுற ஊசி அப்படித்தான் பேச வைக்கும். நல்லதுதான்" என்றார் மருத்துவர். நல்லது என்ற சொல் காதில் விழுந்தது, நம்பிக்கை வரவில்லை.

நான்கரை மணிக்கு அவர் மறுபடி டார்ச் அடித்தார். நான் பார்க்கலாமா என்று கேட்டேன். தள்ளி நின்று இடம் கொடுத்தார். கறுப்பு விரிந்திருந்தது. நாடி சீராக இருக்கிறது, இரண்டு நாள் இங்கேயே இருக்கட்டும், உயிருக்குப் பயமில்லை என்றார். அக்கா அப்போதுதான் அழுதாள். மச்சான் கண்ணைச் சுருக்கி என்னைத் தேடினார்.

"மாப்ளே, மேகம் விலகிருச்சாடா?"

"விலகிருச்சு மச்சான்."

"பொய் சொல்லாத. மேகமே இல்லைன்னு எனக்கு அப்பவே தெரியும். நீ பிரேக்குல கைய வச்சப்பயே தெரியும்."

ஒரு வாரம் கழித்து நானும் அந்த அம்மாளும் ஓடையிலிருந்து தள்ளி, மேட்டில் ஆழமாகக் குழி வெட்டிச் சாக்கோடு மணலைப் புதைத்தோம். கழுவிய தண்ணீர் வாழைக்குள்ளேயே சுவறிப் போயிருந்தது. ஓடையில் கலக்கவில்லை என்பதை வாய்க்கால் வழியே இரண்டு முறை நடந்து பார்த்து உறுதி செய்துகொண்டேன். வீட்டுக்குள் இனி ஒரு பிடி மணல்கூட வரக் கூடாது என்று அக்கா சொல்லிவிட்டாள். மணல் இல்லாமலும் பவளம் வளர்க்கலாம். அதனால் தொட்டியின் அடியில் வெறும் கண்ணாடி.

முதலில் விட்ட இரண்டு மீன்களும் கண்ணாடியில் தங்கள் நிழல் அசைவதைப் பார்த்து மிரண்டு, மூன்று நாள் ஒரு மூலையிலேயே ஒண்டிக் கிடந்தன. மச்சான் நாற்காலியை இழுத்துப்போட்டு அவற்றின் முன்னால் உட்கார்ந்தார்.

"பாவம்டா. ரெண்டு கிலோ மட்டும் வாங்கிப் போடுவோமா?"

அடுப்படியில் அக்கா பாத்திரம் கழுவும் சத்தம் சட்டென்று நின்றது. மச்சான் நாற்காலியை மெல்லப் பின்னுக்கு நகர்த்தினார்.