எஸ்தர் எழுதிய ஒரு வரி

எஸ்தர் அம்மையார் மறைந்த செய்தி செவ்வாய்க்கிழமை காலை, நான் நாட்காட்டியில் முந்தைய நாளின் தாளைக் கிழித்துக்கொண்டிருந்தபோது வந்தது. "அங்கிள், அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க" என்றான் அவர் மகன் தொலைபேசியில். "எப்போ? திங்கக்கிழமை ராத்திரியா, செவ்வாய் விடியக்காலமா?" என்று கேட்டேன். ஆறுதல் சொல்லுமுன் தேதி கேட்ட வாய் இது.

நம் சேலையூர்க் குடியிருப்போர் சங்கத்தில் அவரை அறியாதவர் இல்லை. காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரியின் கணினிக்கூடத்தில் பணி. 1998 ஆகஸ்டில் (ஆண்டு மலரில் ஜூலை என்று அச்சானது பிழை) நாம் நடத்திய கண் சிகிச்சை முகாமுக்காக, பைதான் என்ற, நாம் யாரும் அதுவரை கேள்விப்படாத மொழியில் ஒரு சிறு நிரல் எழுதித் தந்தார். அது பெயர் கேட்கும், வயது கேட்கும். வயது எண்ணாக இல்லாவிட்டால், "திரும்பச் சொல்லுங்க" என்று ஆங்கில எழுத்துகளில் காட்டிவிட்டுக் காத்திருக்கும்.

அரசு அலுவலகத் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் விசைப்பலகை முன் என்னை அமர்த்தினார்கள். வரிசையில் முதலில் நின்ற காய்கறிக்கடை முனியம்மா, வயது அறுபத்தொன்று என்றார். தட்டினேன். "திரும்பச் சொல்லுங்க." மறுபடியும் தட்டினேன், மறுபடியும் அதே வரி. மூன்றாம் முறையும் அதுவே. திரையிலோ 61 என்றுதான் தெரிந்தது.

"இன்னா சார், என் வயச உன் பொட்டி நம்ப மாட்டேங்குது? வோணா அம்பதுன்னு போட்டுக்க!" என்றார் முனியம்மா. வரிசை முழுவதும் சிரித்தது.

"மேடம், எண்ணையே எண்ணுன்னு தெரியாத ப்ரோக்ராம் இது! தூக்கிப் போடுங்க, நான் கையாலேயே எழுதிக்கறேன்" என்று அத்தனை பேர் முன்னிலையில் கத்தினேன். சங்கத் தலைவர் கணினியை அணைக்கச் சொல்லிவிட்டார். விடுமுறை நாட்களையெல்லாம் கொடுத்துச் செய்த வேலை. எஸ்தரின் முகம் வெளுத்துப்போயிற்று.

"ஒரே ஒரு தடவை, சார். மெதுவா தட்டுங்க" என்று என்னருகே குனிந்தார். அவர் திரையைப் பார்க்கவில்லை; என் விரலைப் பார்த்தார்.

எங்கள் காலத்துத் தட்டச்சுப் பொறிகள் பலவற்றில் ஒன்று என்ற எண்ணுக்குத் தனி விசை கிடையாது. ஆங்கிலச் சிறிய 'எல்' எழுத்தையே ஒன்றாகத் தட்டுவோம். என் விரல் அங்கேதான் போயிற்று. என் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தன.

நான் கூசிப்போய் உட்கார்ந்திருக்க, அவர் தலைவரிடம், "தப்பு என்னோடது சார். யார் தட்டப்போறாங்கன்னு நான் யோசிச்சிருக்கணும்" என்றார். நின்றபடியே, அந்த எழுத்து வந்தால் ஒன்று என்று கொள்ளும்படி நிரலைத் திருத்தினார். மாலைவரை என் விரல் பழைய வழியிலேயே போனது, நிரல் பொறுத்துக்கொண்டது.

புறப்படும்போது சொன்னார்: "தப்பா தட்டறவங்கள வெளிய அனுப்பறதுக்கு இத எழுதல சார். மறுபடி கேக்கத்தான் எழுதறோம்." நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "மணி அஞ்சே கால் ஆயிடுச்சு" என்றேன். என் நன்றியும் மன்னிப்பும் அன்று அவ்வளவுதான். பிறகும் அதற்கு மேல் சொன்னதில்லை.

இந்த அஞ்சலியை நானேதான் தட்டுகிறேன். அவர் வயது 71 என்று எழுதும்போது விரல் மறுபடியும் அந்த 'எல்'லுக்கே போயிற்று. இந்தக் கணினி மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டது. அழித்துவிட்டுச் சரியாகத் தட்டினேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த நிரல் திரையில் காட்டிய ஒரு வரியைத்தான். நேற்று அவர் மகனைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"தம்பி, அன்னைக்கு அம்மாவப் பத்தி நீ சொன்னத நான் சரியா கேக்கல. திரும்பச் சொல்லுப்பா."