வெள்ளிக்கிழமை மரக்கறி

அந்த வருடம் என் கணவருக்குக் கால் வீங்கத் தொடங்கியது. பின்னேரம் செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த தடம் நெடுநேரம் மறையாது. பெற்றோல் இல்லாத காலம். அவர் சைக்கிள் மிதிக்க நான் கரியரில் இருந்து அச்சுவேலி டொக்டரிடம் போனோம். எங்களில் நோயாளி, வருத்தக்காரர், யாரென்று பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்காது.

டொக்டர் பிரஷர் பார்த்துவிட்டு, "இது குறையாட்டில் இந்த முறை திருவிழாவிலை சாமி காவக் கூடாது" என்றார். இவர் முகம் சுண்டிப்போயிற்று. கல்யாணத்துக்கு முன்பிருந்தே சாமியைத் தோளில் காவுகிறவர். முன்வரிசையில் அவருக்கென்று ஓர் இடம் உண்டு.

"மாரியிலை உப்புப் போத்தல் கசியிறதைப் பாத்திருப்பியள்தானே? உடம்புக்குள்ளையும் உப்பு, தண்ணியைப் பிடிச்சு வைச்சிருக்கும். அது இரத்தத்திலை சேரப் பிரஷர் ஏறும்" என்று டொக்டர் விளக்கினார்.

அன்றே நான் உப்புக்கு எதிரியானேன். கருவாட்டைக் கண்ணிலும் காட்டவில்லை. சப்பென்ற கறியை இவர் சோற்றோடு பிசைந்து பிசைந்து விழுங்கினார். எனக்கு அழுகை வந்தது. கிழமை நடுவில் வீக்கம் வற்றும். ஆனால் டொக்டரிடம் போகிற சனிக்கிழமை செருப்பு மறுபடி இறுகும், பிரஷரும் இறங்காது.

"ஒளிச்சுக் கருவாடு தின்னிறியளோ?" என்று டொக்டர் ஒருநாள் கேட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நேற்று வெள்ளிக்கிழமை, டொக்டர். எங்கடை வீட்டிலை சுத்த மரக்கறி!"

"ஓம், என்னென்ன சமைச்சனீங்கள்?"

பெருமையாகவே சொன்னேன். சோறு, உப்பில்லாத பருப்பு, உப்பில்லாத கீரை. மீன், மச்சம் இல்லாத நாளில் சோறு இறங்க வேண்டுமே என்று அப்பளம், ஊறுகாய், பொரித்த மோர்மிளகாய்.

டொக்டர் சிரிக்கத் தொடங்கினார்.

"அது மிளகாய்தானே, டொக்டர்?"

"மிளகாய்த் தோலுக்குள்ளை அடைச்ச உப்பு, பிள்ளை."

மச்சத்தை நிறுத்தினால் நோய் நின்றுவிடும் என்றிருந்தேன். விரதம் பிடித்து நானே இவரை வீங்க வைத்திருக்கிறேன்! வீடு வரும்வரை இவர் முதுகு குலுங்கிக்கொண்டே வந்தது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

திருவிழாவுக்கு முன் பிரஷர் இறங்கியது. டொக்டர் சரியென்று தலையாட்டினார். தேங்காய் உடைபட, அரோகரா எழ, இவர் தன் பழைய இடத்தில் தோள் கொடுத்தார். எல்லோரும் கைகூப்பிச் சாமியைப் பார்த்தார்கள். நானும் கைகூப்பினேன். ஆனால் பார்த்ததென்னவோ மணலில் நடந்து வந்த அந்த மெலிந்த கால்களைத்தான்.