கேட்டு எடுத்த சாலை

என் வீட்டுக்காரர் விஸ்வலிங்கத்தைப் போல அனுமதி கேட்கிற ஆளைப் பினாங்குத் தீவில் சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காது. கல்யாணமான புதிதில் ஒரு நாள் காலை நல்ல மழை. என் தம்பி விட்டுப்போன குடை வாசலிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. இவர் அதை எடுக்காமல் ஈப்போவிலிருந்த தம்பிக்குப் போன் போட்டார். அவன் வெளியே போயிருந்தான். அவன் திரும்பக் கூப்பிடும்வரை இவர் வாசலில் நின்றார். அதற்குள் மழையே விட்டுவிட்டது. "பாத்தியா அருந்ததி, குடை தேவையே படல" என்று சந்தோஷமாக வேலைக்குப் போனார். இப்படி ஒருவரோடு குடித்தனம் நடத்தத் தனிப் பொறுமை வேண்டும். எனக்கு அது கிடையாது.

பாயான் லெப்பாஸில் ஒரு சிப் தொழிற்சாலையில் அவர் டெக்னீஷியன். பேக்டரி பஸ்ஸில் போய், பேக்டரி பஸ்ஸில் வந்து, குளித்து, விபூதி பூசி, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார். கார் ஓட்டும் விளையாட்டு ஒன்று. அதை வாங்கியவர்களில் கொஞ்சம் கிறுக்குப் பிடித்தவர்கள் தாங்களே புதுச் சாலைகள் செய்து அதில் சேர்த்துக்கொள்வார்கள். அதற்கு மோட் என்று பெயர். செய்ததை டெலிபோன் வழியாக ஒரு பொதுப் பலகையில் போட்டுவைப்பார்கள். யார் வேண்டுமானாலும் இறக்கி விளையாடலாம். ஆனால் அதை மாற்றி, மேலே கட்டி, வெளியே விடுவதென்றால் முதலில் செய்தவரைக் கேட்க வேண்டும். எழுதாத சட்டம். இவருக்கென்றே யாரோ போட்ட சட்டம்.

தொண்ணூற்றேழாம் வருஷம் அந்தப் பலகையில் நம்ம ஜார்ஜ் டவுன் அகப்பட்டது. யாரோ 'கப்பித்தான்' என்ற பெயரில் செய்த மோட். பெர்ரித் துறையில் தொடங்கும் சாலை, ஊருக்குள் புகுந்து ஆயர் ஈத்தாம் வரை போகும். அதற்கப்புறம் ஒன்றுமில்லை. கார் வெறும் வெள்ளைக்குள் விழும். "வேலை முடியவில்லை. என்னைக் கேட்காமல் தொடாதீர்கள்" என்று எழுதிவைத்துவிட்டு, அந்த ஆள் வருஷக் கணக்காகத் தலைகாட்டவில்லை. கொடுத்திருந்த போன் நம்பரும் வேலை செய்யவில்லை.

இவர் ஆயர் ஈத்தாமிலிருந்து மலையேறிப் பாலிக் புலாவ் வரை சாலை போட்டார். ஒவ்வொரு வளைவையும் பார்த்துவர ஞாயிற்றுக்கிழமை தோறும் மோட்டார் சைக்கிளில் போவார், பின்னால் என்னையும் ஏற்றிக்கொண்டு. மற்ற பெண்களைப் புருஷன்மார் கடற்கரைக்குக் கூட்டிப் போனார்கள். நான் ஜாதிக்காய்த் தோட்டத்து ஓரத்தில் கொசுக்கடியில் நின்று, "இந்த வளைவு இடதா வலதா" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். "யாரையும் கேக்காமத்தானே இதைச் செய்றீங்க?" என்று மடக்கினேன். "வீட்டுக்குள்ள செஞ்சா அது படிக்கிறது. வெளிய காட்டினாத்தான் எடுக்கிறது" என்றார். எல்லாவற்றுக்கும் ஒரு சட்டம் வைத்திருப்பார்.

காட்டும் நேரமும் வந்தது. கம்ப்யூட்டர் சங்கத்துக்காரர்கள் ஒரு கடைத்தொகுதி மண்டபத்தில் கண்காட்சி வைத்தார்கள். யார் செய்ததையும் பெயர் போட்டுத் திரையில் ஓட்டுவார்களாம். அந்தப் பெயர் என்ற வார்த்தையில்தான் இவர் விழுந்தார். காரணம் எனக்குத் தெரியும். சோதனையின்போது சிப் நழுவாமல் பிடித்துக்கொள்ள இவர் ஒரு தாங்கி செய்தார். ஜிக் என்பார்கள். அது நன்றாக வேலை செய்தது. மேனேஜர் ஏரம்பமூர்த்தி அதை எடுத்துப் போய்ப் பெரியவர்களிடம் காட்டி, எல்லா உற்பத்தி வரிசைக்கும் போட்டுவிட்டார். விஸ்வலிங்கம் என்ற பெயர் எங்குமே வரவில்லை. "எடுத்ததுகூட பரவால்ல அருந்ததி. ஒரு வார்த்தை கேட்டிருந்தா சந்தோஷமாக் கொடுத்திருப்பேன்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு அந்த மேனேஜர் மேல் வந்த கோபம் அப்படியே இருந்தது.

ஆகவே இந்த மலைச் சாலை அவர் பெயரில் வர வேண்டும் என்று அவரைவிட எனக்குத்தான் ஆசை. பலகையில் இருந்தவர்கள் எல்லாரும், ஆளே இல்லாத மோட், எடுத்துக்கோ லா என்றார்கள். நானும் அதையே சொன்னேன். இவர் மசியவில்லை. கேட்காமல் காட்டுவதைவிடக் காட்டாமலே இருந்துவிடுவேன் என்றார்.

தலையில் அடித்துக்கொண்டு நானே திரை முன்னால் உட்கார்ந்து அந்த ஊரைப் பார்த்தேன். கட்டடமெல்லாம் ஏனோதானோ என்று இருந்தது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் சோற்றின்மேல் விதவிதமாகக் குழம்பு ஊற்றித் தரும் ஒரு நாசி கண்டார் கடை மட்டும் பெயர்ப்பலகை, ஸ்டூல், தொங்கும் குழம்புத் தூக்கு என்று அச்சு அசலாக இருந்தது.

"இவ்வளவு பாத்துப் பாத்துச் செஞ்சிருக்கானே, அந்தக் கடைக்காரன் மகனாத்தான் இருக்கணும்" என்றேன்.

மறுநாள் சாயங்காலமே போனோம். நாள் பார்த்தாரா மனுஷன்? வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் மரக்கறி நாள். கடையில் வரிசை வாசலை ஒட்டிய ஐந்தடிப் பாதையைத் தாண்டி நின்றது. கல்லாவுக்குப் பக்கத்தில் கறி ஊற்றிக்கொண்டிருந்தவரின் சட்டையில் அப்துல் ரசாக் என்று இருந்தது. இவர் வரிசையில் நின்று போய், "தம்பி, ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தார்.

"பொங்குஸா கட்டித் தரவா, இங்கயே சாப்பிடுறீங்களா?" என்று ரசாக் தட்டை எடுத்தார்.

"இங்கயே. வெறும் சோறு, வெண்டிக்காய். குழம்பு வேணாம்."

கரண்டி அப்படியே நின்றது. நாசி கண்டார் கடையில் வந்து குழம்பு வேண்டாம் என்பது, கல்யாண வீட்டுக்குப் போய்ப் பெண் வேண்டாம் என்பதைப் போல. "குழம்பு வேணாமா? ஏன்ணே, எங்க கொழம்புக்கு என்ன?" என்றார் ரசாக். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். இவர் பயந்து தட்டோடு வந்து உட்கார்ந்தார். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் வரிசையில் நின்றார். மறுபடியும் வெறும் சோறு. கேட்க வந்ததைப் பாதி சொல்வதற்குள் தட்டு கையில் வந்துவிட்டது. மூன்றாம் முறை போனபோது ரசாக் கரண்டியை வைத்துவிட்டார். "அண்ணே, உங்களுக்கு என்னதான் வேணும்?"

"கப்பித்தான்கிறது நீங்களா தம்பி?"

ரசாக்கின் முகம் மாறிவிட்டது. கறி ஊற்ற வேறு ஆளை நிறுத்திவிட்டு எங்கள் மேசைக்கு வந்தார்.

"அந்த மோட்டையா கேக்குறீங்க? நான் மறந்தே போயிட்டேன்ணே. கடை, கட்டடமெல்லாம் நான் செஞ்சது. தாராளமா எடுத்துக்கங்க. ஆனா சாலை என்னது இல்ல. வேற ஒருத்தர் போட்டது. நான் கேக்காம எடுத்துட்டேன். அவரு போன் பண்ணாரு. ஏசல. 'ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே தம்பி'ன்னாரு. அவ்வளவுதான். வெக்கமாப் போச்சு, அதோட விட்டுட்டேன்."

"அவர் யாருன்னு தெரியுமா?" என்று நான் கேட்டேன்.

"பாயான் லெப்பாஸ்ல பேக்டரி மேனேஜர் அக்கா. ஏரம்பமூர்த்தின்னு பேரு."

எனக்குப் புரையேறிவிட்டது. இவர் இரண்டாவது தட்டு வெண்டிக்காயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் பெரிய சண்டை. "அந்த ஆளுகிட்டப் போயி நீங்க கேக்கணுமா? உங்க ஜிக்கை எடுத்தப்ப அவரு கேட்டாரா? நீங்களும் கேக்காம எடுங்க, சரிக்குச் சரி" என்று கத்தினேன். அடுத்த சனிக்கிழமை கண்காட்சி. வாரத்தில் பாதி ஓடிய பிறகு, சட்டைக்குப் பொத்தான் போட்டபடி சொன்னார்:

"அவர் செஞ்சது எனக்கு வலிச்சுச்சு. வலிக்கும்னு தெரிஞ்சும் நான் எப்படிக் கேக்காம எடுக்கிறது?"

சேலை மாற்றிக்கொண்டு கூடவே கிளம்பினேன்.

மேனேஜர் வீட்டில் அவர் மனைவி கனகேஸ்வரி தேநீர் வைத்தார். பேக்டரியில் டை கட்டி உறுமுகிற மனிதர் சாரத்தோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்து அறையில் கம்ப்யூட்டரில் பொம்மைக் கார் நின்றுகொண்டிருந்தது. இவர் எழுந்து நின்று, ஆதியோடு அந்தமாகச் சொல்லி, "உங்க சாலைமேல நான் கட்டியிருக்கேன் சார். நீங்க சரின்னாத்தான் காட்டுவேன்" என்றார்.

ஏரம்பமூர்த்திக்கு முகமெல்லாம் பல்.

"உக்காருப்பா. எடுத்துக்கோ லா! அந்தச் சாலையைப் பத்தி இதுவரைக்கும் ஒருத்தன் என்கிட்ட வந்து கேட்டதில்ல. ஒரு பையன் சொல்லாமக் கொள்ளாம எடுத்துட்டுப் போயிட்டான். எடுத்தது கூடப் பெருசில்ல. கேட்டிருந்தா சந்தோஷமாக் கொடுத்திருப்பேன். கேக்கலையேன்னுதான் மனசு விட்டுப்போச்சு."

நான் என் புருஷனைப் பார்த்தேன். அவர் தேநீரைப் பார்த்தார். பிறகு மெதுவாக, மரியாதை குறையாமல் சொன்னார்:

"தெரியும் சார். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு."

மேனேஜர் கோப்பையை வாய்வரை கொண்டுபோனவர் கீழே வைத்துவிட்டார். கனகேஸ்வரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அந்த ஜிக்கா?" என்றார் மேனேஜர்.

"ஆமா சார்."

"அது... கம்பெனி விஷயம்னு நெனைச்சேன்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "தப்புதான் விஸ்வலிங்கம். இப்பக் கேக்குறேன். அதை நான் எடுத்துக்கலாமா? உன் பேரோட?"

ஊரிலே யார் எதைக் கேட்டாலும் கேட்டு முடிப்பதற்குள் தலையாட்டுகிற மனுஷர் இவர். அன்றைக்குக் கோப்பையைச் சத்தமில்லாமல் தட்டில் வைத்தார்.

"யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றார்.

எனக்கு அவரை அங்கேயே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. வாசலைத் தாண்டி மோட்டார் சைக்கிளில் ஏறியதும், "இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றேன்.

"ஒண்ணும் இல்ல. சும்மா நல்லா இருந்துச்சு" என்றார்.

சனிக்கிழமை மண்டபத்தில் சரியான கூட்டம். திரையில் முதலில் வந்தது: சாலை, ஏரம்பமூர்த்தி. ஊர், அப்துல் ரசாக். மலை, விஸ்வலிங்கம். பிறகு கார் துறையிலிருந்து கிளம்பி, ரசாக் கடையைத் தாண்டி, ஆயர் ஈத்தாமில் விழாமல் மலையேறியது. நான் நின்று கொசுக்கடி வாங்கிய வளைவு வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவரைச் சுற்றி ஆட்கள். ஒருவர் இந்த மலையை எடுத்துக் கடல்வரை நீட்டட்டுமா என்று கேட்டார். இவர் உடனே சரி என்றார்.

மேனேஜர் மெதுவாக என் பக்கம் வந்தார். "என்னம்மா, அவரு யோசிச்சு முடிச்சுட்டாரா?"

"இல்ல சார். இன்னும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்காரு."

ஏரம்பமூர்த்தி தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு மலைச் சாலையில் ஓட்டிப் பார்க்க நின்றவர்களின் வரிசையில், கடைசி ஆளாகப் போய் நின்றுகொண்டார்.