பாதி ஊரின் ஜனத்தொகை

ஜனத்தொகைக் கணக்குப் போடுகிற தொழிலில் ஒருவர் எங்கே வேலை பார்க்கிறார், எங்கே சாமான் வாங்குகிறார், யாருக்கு வரி கட்டுகிறார் என்பதெல்லாம் செல்லாது. ராத்திரி எங்கே படுத்துத் தூங்குகிறார் என்பது ஒன்றுதான் கணக்கு.

நான் இருப்பது டெக்சாஸின் மேற்கு ஓரத்தில், எல் பாசோவில். கடை திறக்க வருகிற கம்பெனிகளுக்குச் சுற்றுவட்டாரத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கணக்கிட்டுச் சொல்கிற ஆபீஸில் வேலை. ஊருக்கு நடுவே ஆறு. ஆறு என்று மரியாதைக்குச் சொல்கிறேன், இங்கே அது சிமென்ட் வாய்க்கால்தான். அந்தக் கரையில் மெக்சிகோவின் ஹுவாரெஸ். இரண்டு கரையையும் சேர்த்து எண்ணினால் பாதிக்கு மேற்பட்ட ஜனம் அங்கேதான் இருக்கிறது. நடுவில் பாலங்கள், வேலி, துப்பாக்கி வைத்த ஆபீசர்கள். எச்1பி விசாவில் வந்து, கிரீன் கார்டு வரிசையில் வருஷக்கணக்காக நின்று, மானேஜர் மீட்டிங்குக்குக் கூப்பிட்டாலே லாயர் நம்பரைத் தேடுகிற என் கூட்டாளிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வேலை போனால் விசா போகும், விசா போனால் வீடும் மகளின் பள்ளிக்கூடமும் போகும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சாம்பல் நிறம்

எங்கள் மேப்பில் ஜனம் நெருக்கமாக இருக்கும் இடம் சிவப்பு, குறைந்த இடம் மஞ்சள். ஆற்றைத் தாண்டியதும் ஒரே சாம்பல். அமெரிக்க சென்சஸ் அங்கே எண்ணுவதில்லை. எண்ணாத இடத்துக்கு எங்கள் சாஃப்ட்வேர் கொடுக்கிற நிறம் அது. டாலஸிலிருந்து வந்திருந்த செருப்புக் கம்பெனிக்காரர் அதைக் காட்டி, பெரிய ஏரியோ என்று விசாரித்தார்.

ஏரி இல்லை, இதைவிடப் பெரிய ஊர் என்றேன். சனிக்கிழமை நம் மால் பார்க்கிங்கில் நிற்கும் கார்களின் நம்பர் பிளேட்டைப் பாருங்கள், உங்கள் செருப்பை வாங்கப் போகிறவர்களில் நிறையப் பேர் அங்கிருந்துதான் வரப்போகிறார்கள் என்றும் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டு, தலையாட்டி, குறிப்பும் எடுத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "அப்ப அந்த சாம்பல் கலரை எடுத்துடுங்க. எங்க டைரக்டர் பார்த்தா குழம்பிடுவார்."

தோசைக்கு ஆள் இருக்கா?

டெக்சாஸின் மறுகோடியில், பேர்லேண்டில் ஓட்டல் வைத்திருக்கும் ஈரோட்டுக்கார அங்கிள் ஒருவர், கோயிலில் யாரிடமோ என் நம்பரை வாங்கிக் கூப்பிட்டார். எல் பாசோவில் ஒரு கிளை திறக்கிற யோசனை. "ஏம்மா, அங்க நம்மாளுங்க எத்தனை பேர் தேறுவாங்க?" என்றார். கையை விரிக்க வேண்டிய கேள்வி. ஆனாலும் ஊர்க்காரர் ஆயிற்றே என்று கொஞ்சம் தெம்பு சொன்னேன். "இந்தப் பக்கம் கம்மிதான் அங்கிள். ஆனா ஹுவாரெஸ்ல ஃபேக்டரி நிறைய. வேலைக்கு வந்த நம்மூர் இன்ஜினியர்கள் அங்க இருக்காங்க. விசா இருக்கறவங்க லீவு நாள்ல பாலம் தாண்டி வருவாங்க."

பாலம் தாண்ட எவ்வளவு நேரம் ஆகும் என்றார். சில நாள் அரை மணி, சில நாள் மூன்று மணி, அது ஆபீசர்களின் மனசைப் பொறுத்தது என்றேன். "வேண்டாம்மா. அவ்வளவு நேரம் லைன்ல நிக்கறவனுக்குப் பசி இருக்காது, கோபம்தான் இருக்கும்."

எலேனா

எலேனா என் பக்கத்து மேஜை. பிறந்தது எல் பாசோவில், அமெரிக்கக் குடியுரிமை, சம்பளம் டாலரில், வரியும் இங்கே. ஆனால் அவள் கணவனை இந்த நாடு திருப்பி அனுப்பிவிட்டது. அதனால் குடித்தனம் ஹுவாரெஸில். இருட்டோடு எழுந்து, பாலத்தில் வரிசையில் நின்று, பெண்ணை இந்தப் பக்கப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு ஆபீஸுக்கு வருவாள். சாயந்திரம் அதே வரிசை.

எங்கள் கணக்கில் அவள் இல்லை. படுக்கை அந்தக் கரையில் இருக்கிறதே. எல் பாசோவின் ஜனத்தொகை அட்டவணையைத் தயார் செய்வதே எலேனாதான். தன்னை விட்டுவிட்டு எல்லாரையும் கூட்டுவாள். எனக்குத்தான் ஆற்றாமை தாங்கவில்லை. உனக்கு வருத்தமாக இல்லையா, தூங்குகிற இடத்தை வைத்து உன்னைக் கழித்துவிட்டார்களே என்று ஒருநாள் கேட்டேன். கீபோர்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "முதல்ல நான் தூங்கணும் கவிதா, அப்புறம் எந்த ஊர்ல தூங்கறேன்னு சண்டை போடலாம்."

பிறந்தநாள்

எலேனாவின் பெண்ணுக்குப் பிறந்தநாள். ஆபீஸ் முழுக்க ஹுவாரெஸுக்குக் கிளம்பியது. என்னால் முடியாது. என் பாஸ்போர்ட்டில் விசா முத்திரை எப்போதோ காலாவதி. உள்ளேயே இருக்கும்வரை குற்றமில்லை, வெளியே காலை வைத்தால்தான் வம்பு. புது முத்திரைக்கு இந்தியா போக வேண்டும். அங்கே தேதி கிடைக்காமல் மாட்டிக்கொண்டவர்கள் கதை உங்களுக்கே தெரியும். சின்னப் பயணத்துக்குச் சட்டத்தில் இடம் உண்டே என்று லாயருக்கு எழுதினேன். இப்போதைய நிலைமையில் வேண்டாம் என்று ஒரே வரியில் பதில் வந்தது. என் விசாவில் தொங்கிக்கொண்டிருக்கும் கணவர் செந்திலுக்கும் அதே கதி.

மகள் நிலா இங்கே பிறந்தவள், அமெரிக்க பாஸ்போர்ட். சம்மதக் கடிதம் கொடுத்து அவளை மட்டும் எலேனாவோடு அனுப்பினோம். ஆபீஸ் ஜன்னலிலிருந்து தினமும் பார்க்கிற கரைக்கு எட்டு வயசுப் பெண் போய் வருகிறாள், அம்மா போக முடியவில்லை. அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. சாயந்திரம் நிலா மிட்டாய்ப் பையோடு வந்து என் மடியில் ஏறிக்கொண்டாள். "இட்ஸ் த சேம் அஸ் ஹியர், அம்மா. ஒய் டிட்ன்ட் யூ ஜஸ்ட் கம்?"

ஒரே ஊர்

போன வசந்த காலத்தில் மானேஜர் கிரெக், பெரிய கஸ்டமர் ஒருவருக்காக இரண்டு கரையையும் சேர்த்து எண்ணச் சொன்னார். நான் காத்திருந்த வேலை. யார் எங்கே துணி வாங்குகிறார்கள், எங்கே பல் பிடுங்கிக்கொள்கிறார்கள், எத்தனை குடும்பம் ஆற்றின் இரண்டு பக்கமும் பிரிந்து கிடக்கிறது என்று நானும் எலேனாவும் தேடித் தேடிச் சேர்த்தோம். நடுவில் கோடு கிழித்திருந்தாலும் இது ஒரே ஊர் என்று முடித்தேன். மேப்பில் சாம்பல் போய் அந்தக் கரை முழுக்கச் சிவப்பானது. கஸ்டமர் பாராட்டி மெயில் போட்டார். என் கிரீன் கார்டு வேலையை இனி கம்பெனி வேகமாகப் பார்க்கும் என்றுகூட நம்பினேன்.

கோடை முடிவதற்குள் கிரெக் எங்களைக் கூப்பிட்டார். எங்கள் டீமை மொத்தமாக ஹுவாரெஸில் திறக்கிற புது ஆபீஸுக்கு மாற்றுகிறார்களாம். அங்கே வாடகை குறைவு, யாருக்கும் சம்பளம் குறையாது. எலேனா இனி வேலைக்காகப் பாலம் தாண்ட வேண்டியதில்லை. அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கிரெக்கிடம் நிதானமாக விளக்கினேன். எனக்கு விசா கொடுத்திருப்பது இந்த நாட்டுக்குள் வேலை பார்க்க. அந்தக் கரையில் மேஜை போட்டால் விசா செத்துவிடும், சாயந்திரம் வீடு திரும்ப எனக்கு வழியில்லை, இங்கே வேறு இடம் கொடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் கெட்டவர் இல்லை. நிஜமாகவே புரியாமல் என்னைப் பார்த்தார். "ஆனா கவிதா, ரெண்டும் ஒரே ஊர்னு எங்களுக்கு ப்ரூவ் பண்ணதே நீங்கதானே?"

ஆகவே எல் பாசோவின் ஜனத்தொகையில் மூன்று பேரைக் கழித்துக்கொள்ளுங்கள். எந்த ஊரில் கூட்டுவது என்று எங்களுக்கே இன்னும் தெரியவில்லை.