ஐஸ் பெட்டியில் போன ரத்தம்

நெஞ்சுவலி நின்றதுமே என் வீட்டுக்காரர் தனக்குக் குணமாகிவிட்டது என்று தானே தீர்ப்புச் சொல்லிவிட்டார். மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. தங்கச்சிமடத்தில் எல்லோரும் படகுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவரும் எங்கள் விசைப்படகின் சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டு கரைக்கும் வீட்டுக்கும் நடந்தார். பேச்சுக் கொடுத்தால் சண்டை வரும் என்று தெரிந்தும் நான் பேச்சுக் கொடுத்தேன்.

மாசியில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு அவர் இதயத் தசையில் அழற்சி கண்டிருந்தது. மதுரை டாக்டர் மாத்திரை கொடுத்து வீக்கத்தைக் குறைத்தார். ஆனால் கடலுக்குப் போகலாம் என்று சொல்லவில்லை. ரத்தக் குழாயின் உட்புறம் மெல்லிய படலம் ஒன்று இருக்கிறதாம். அழற்சியில் அது புண்பட்டால் அதிலிருந்து சில பொருள்கள் கழன்று ரத்தத்தில் கலக்குமாம்.

"வலி முதல்ல போயிரும். உள்ள புண்ணு ஆறிருச்சான்னு ரத்தம்தான் சொல்லணும்" என்றார் டாக்டர்.

ரத்தத்தில் அந்தப் பொருள்களின் அளவு இறங்கியிருந்தால் கடல். இல்லாவிட்டால் கரை. நடுக்கடலில் இதயம் தடுமாறினால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்டார்.

ராமநாதபுரத்து லேபில் ரத்தம் எடுத்தோம்; அந்தச் சோதனை மதுரையில்தான் செய்வார்கள். மதுரைக்குப் போகும் அவர்களுடைய வண்டி அதற்குள் கிளம்பிவிட்டது. "நீங்களே பஸ்ஸில கொண்டு போயிருங்க, நல்லா ஐஸ் வச்சு" என்றாள் லேப் பெண். ஐஸ் என்றதும் என் கொழுந்தனுக்கு முகம் மலர்ந்தது. அண்ணனோடு அதே படகில் போகிறவர் அவர்.

"எங்கிட்ட விடுங்க மதினி. மீனையே மதுரைக்குக் கெடாம அனுப்புறவன் நான்."

தெர்மாகோல் பெட்டியில் ஐஸை நொறுக்கிப் போட்டார். மீனுக்குப் போடுவது போலவே கல்லுப்பை அள்ளித் தூவி, நடுவில் டியூப்களைப் புதைத்தார். உப்பு சேர்ந்தால் ஐஸ் இன்னும் சில்லிடும் என்பது அவருக்குத் தெரியும். ரத்தம் ஐஸ்கட்டியாகிவிடக் கூடாது என்பது எங்களில் யாருக்கும் தெரியாது.

மதுரை லேபில் டியூபைத் தூக்கிப் பார்த்ததுமே கையை விரித்துவிட்டார்கள். ரத்தம் ஐஸ்கட்டியாகி அணுக்களெல்லாம் உடைந்துபோயிருக்கும், இதில் எதையும் பார்க்க முடியாது என்றார்கள். கொழுந்தன் பெட்டியோடு திரும்பி வந்து வாசலிலேயே நின்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பெட்டியைப் பிடுங்கித் தெருவில் கவிழ்த்தேன்.

வீட்டுக்காரர் மட்டும் சிரித்தார். "கெட்டதுன்னு ரிசல்ட் வரலைல? பெறகென்ன, நான் போறேன்."

நான் வாய் திறப்பதற்குள் கொழுந்தன் பேசினார்.

"அண்ணே, நீ மறுபடி ரத்தம் குடுக்காம படகுல ஏறுனா, நான் ஏற மாட்டேன்."

அண்ணனை எதிர்த்து அவர் பேசி நான் கேட்டதே இல்லை. இவர் சிரிப்பு நின்றது. மறுநாள் மூவரும் லேபுக்குப் போனோம்.

இந்த முறை பெட்டி என் மடியில் இருந்தது. லேப் பெண் கொடுத்த குளிர்ப் பையைத் தவிர உள்ளே ஒன்றும் வைக்க விடவில்லை. பஸ் பரமக்குடியைத் தாண்டும்போது ஜெபமாலையை எடுத்தேன். அளவு இறங்கியிருக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்பதா? இவர் கடலுக்குப் போகக் கூடாது என்று கேட்பதா? இரண்டையும் சேர்த்துக் கேட்க வழியில்லை. மாலையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

அளவு இறங்கவில்லை. இந்த வருஷம் கடல் வேண்டாம் என்று டாக்டர் போனில் சொன்னார்.

தடைக்காலம் முடிந்து படகுகள் கிளம்பிய அன்று, யாரும் கூப்பிடாமலே இவர் கரைக்கு வந்தார். அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்துத் தம்பியிடம் நீட்டினார்.

"ஏலே, ஆயில் பாத்துட்டு ஸ்டார்ட் பண்ணு."

கொழுந்தன் இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டார். எஞ்சின் சத்தம் தேய்ந்து மறையும்வரை இவர் அசையவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "வீட்டுக்குப் போவமா?" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து, படகு கிளம்பிய பிறகு அந்த மணலில் நான் தனியாகத்தான் திரும்பியிருக்கிறேன். அன்று அவரும் கூட நடந்து வந்தார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.