கொழும்புக்குப் போகாத துரை

குற்றாலத்தில் சாரல் அடிக்கிறது. ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்த முதுகுவலியோடு, பஜ்ஜிக் கடையில் முத்தையா அண்ணாச்சிக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேன். ஓய்வுபெற்ற போலீஸ்காரர். எங்கள் சாஸ்தா கோயில் பங்காளி. என்னைப் போல வம்சாவளி தேடுகிறவர். என் பூட்டன் ஆறுமுகத்தின் தம்பி துரை கொழும்பில் செத்தார் என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதியவர் இவர்தான். அந்தத் துரையைத் தேடித் தேடி எனக்கு வெறுத்துவிட்டது.

"தம்பி, துரைன்னு தனி ஆளே கெடையாது. ஒங்க பூட்டனுக்கு ஆறுமுகம்னு வச்சது அவரு தாத்தா பேரு. மாமனார் பேரை மருமக வாயால சொல்ல மாட்டால்லா? அதான் அவங்கம்மா மகனைத் துரைன்னு கூப்பிட்டிருக்கா. நான் ரெண்டு ஆளா போட்டுட்டேன்."

"அப்ப கொழும்பு?"

"துரையைப் பத்தி ஒரு தடயமும் கெடைக்கல. அந்தக் காலத்துல காணாமப் போனவன்லாம் அங்கனதான போனான்?" சிரிக்கிறார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "நீங்க எழுதினதை நம்பி எங்கப்பா ஆடி அமாவாசைக்குத் துரைக்கும் சேர்த்து எள்ளும் தண்ணியும் எறைக்கிறாரு. நீங்களே அவருகிட்ட சொல்லுங்க."

அப்பாவைப் போனில் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, அண்ணாச்சி கையில் திணிக்கிறேன்.

"என்னடா, துரைத் தாத்தாவுக்குப் புள்ளைகுட்டி யாரும் இருக்காங்களாமா?" என்கிறார் அப்பா, ஆசையாக.

அண்ணாச்சி போனை என்னிடம் நீட்டுகிறார். நான் வாங்கவில்லை.