எல்மா சுட்டுக் கெடுத்த கிண்ணம்

எங்கள் ஊரில் எல்மா ஹைக்கினெனுக்குப் பயப்படாத ஆள் கிடையாது. முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். ஊரில் ஐம்பது வயதுக்குக் கீழே இருக்கிற அத்தனை பேரும் ஒரு காலத்தில் அவள் வண்டியில் ஏறி இறங்கியவர்கள்தான். யார் பின்சீட்டில் வாந்தி எடுத்தார்கள், யார் யாருக்குக் காதல் கடிதம் நீட்டினார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. இன்றைக்கு வங்கி மேலாளராக இருக்கிறவரும் சரி, ஷெரீப்பும் சரி, அவளைக் கண்டால் சட்டையை இழுத்துவிட்டுக்கொள்வார்கள். பனிப்புயலில் ஏரிக்கரைச் சாலையில் நாற்பது பிள்ளைகளையும் ஒரு கீறல் விழாமல் வீடு சேர்த்தவள் என்று யாராவது பாராட்டினால், "அதுக்குத்தானய்யா சம்பளம் குடுத்தாங்க" என்று மூஞ்சியில் அடித்தாற்போல் சொல்லிவிட்டுப் போவாள்.

அப்படிப்பட்டவள் கலை மையத்துக்குள் நுழைந்ததே சண்டை போடத்தான். கலை மையம் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். மிச்சிகனின் வடகோடியில், பெரிய ஏரிக்கரையில் இருக்கிற எங்கள் ஊரின் பழைய தீயணைப்பு நிலையம், அவ்வளவுதான். வண்டி நின்ற இடத்தில் நாற்காலி போட்டு நாடகம் நடக்கும். மாடியில் திங்கட்கிழமை பிடில், செவ்வாய்க்கிழமை நெசவு. பின்கட்டில் மண்பாண்டப் பட்டறை. நவம்பரில் தொடங்கி ஏப்ரல் வரைக்கும் பனி கொட்டுகிற ஊரில் மனிதர் முகத்தை மனிதர் பார்க்க மூன்றே இடம்: தேவாலயம், மதுக்கடை, இது. தேவாலயத்தில் பேசக் கூடாது. மதுக்கடையில் பேசியது மறுநாள் நினைவிருக்காது. அதனால் கூட்டமெல்லாம் இங்கேதான்.

மையத்துக்காரர்கள் ஒதுக்கிய பனி தன் வாசலில் வந்து குவிந்துவிட்டது என்று எல்மா கத்திக்கொண்டே உள்ளே வந்தபோது, பின்கட்டில் யாரோ சூளைக்குள் பாண்டங்களைத் திணித்துக்கொண்டிருந்தார்கள். அவள் பாதிச் சண்டையில் நின்றாள். "இப்படியா அடுக்குவாங்க? ஒண்ணோட ஒண்ணு இடிக்குது பாரு. தள்ளு, தள்ளு" என்று கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு அத்தனையையும் வெளியே எடுத்து மறுபடி அடுக்கினாள். பதினாறு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து சூளைச் சாவி அவள் இடுப்பில்தான்.

தன் கையால் அவள் ஒரு பானையும் வனைந்தது கிடையாது. சுடுவது மட்டும்தான் அவள் வேலை. அதற்கு அவள் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று. முதல் தடவை எல்லாவற்றுக்கும் ஒரே லேசான சூடு, கேட்க வேண்டியதில்லை; பூச்சுப் பூசி இரண்டாம் தடவை சூளையில் வைக்கும் முன் ஒவ்வொருவரையும் பார்த்து, "எந்த வாளி?" என்று கேட்பாள். பட்டறையில் மண் இரண்டு வாளியில் இருந்தது. நீல வாளி மண் உரமானது, எவ்வளவு சூட்டையும் தாங்கும். சிவப்பு வாளி மண், பள்ளிக்கூடத்தில் மிஞ்சிப்போய் இங்கே கொடுத்தது. லேசான சூட்டோடு நிறுத்திவிட வேண்டும். காய்ந்த பிறகு இரண்டும் ஒரே வெள்ளை, செய்தவன் சொன்னால்தான் தெரியும். மாற்றி வைத்தால் பள்ளிக்கூட மண் பாகாக உருகி ஓடிவிடும். பதினாறு வருடத்தில் அப்படி ஒருமுறைகூட ஆனதில்லை, ஏனென்றால் எல்மா கேட்காமல் விட்டதில்லை.

மார்ச் மாதம் இரண்டாம் சனிக்கிழமை மதியம் மையத்தில் சூப் விருந்து. குளிர்காலம் முழுக்க ஆளுக்கொரு கிண்ணம் செய்துவைப்பார்கள். அன்றைக்கு அத்தனையும் நீள மேசையில் இருக்கும். வருகிறவர்கள் ஒன்றை எடுத்து, சூப் வாங்கிக் குடித்து, கழுவி வீட்டுக்குக் கொண்டுபோகலாம். ஆனால் ஒரு நிபந்தனை, தான் செய்ததைத் தான் எடுக்கக் கூடாது. இதனால் எங்கள் ஊரில் எவர் வீட்டு அலமாரியைத் திறந்தாலும் அடுத்தவர் கிண்ணமாகத்தான் இருக்கும்.

ஆர்வோ ரூவோனாவின் கிண்ணங்களும் அப்படித்தான் ஊருக்குள் பரவின. ஆர்வோ நகராட்சியில் பனி தள்ளும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். பதினெட்டு வருடமாக வியாழக்கிழமை தவறாமல் பட்டறைக்கு வந்தார். ஒரு குளிர்காலம் பூராவும் உட்கார்ந்து ஒரே ஒரு கிண்ணம் செய்வார். அதுவும் எப்படி? ஒரு பக்கம் தூக்கி, ஒரு பக்கம் சரிந்து, செங்கல் கனத்தில் இருக்கும். பூச்சு எப்போதும் பழுப்பு.

"யோவ் ஆர்வோ, இது கிண்ணமா, இல்ல எவனாவது மிதிச்ச தொப்பியா?" என்பாள் எல்மா.

"சூப் நிக்குதா இல்லையா, அத சொல்லு."

"நிக்கும். பாதி."

"பாதி போதும். இந்த ஊருக்காரனுங்களுக்கு ஏற்கெனவே தொப்பை."

வியாழக்கிழமை பட்டறையில் இவர்கள் இருவரின் வாய்ச்சண்டையைக் கேட்பதற்கென்றே சிலர் மண்ணைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். போன ஜனவரியில் தன் வீட்டுக் கூரைப் பனியை இழுத்துவிட்டு உள்ளே வந்து காபி கேட்ட ஆர்வோ, காபி வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். அடக்கத்தன்று எல்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்ததைப் பார்த்துத்தான் பலருக்கு அழுகையே வந்தது.

இரண்டு வாரம் கழித்து ஆர்வோவின் மனைவி லெம்பி மையத்துக்கு வந்தாள். வாழ்நாளில் முதல் தடவை. அவளுக்கு இந்த இடத்தைக் கண்டாலே ஆகாது. கிழவனுங்க மண்ணில் விளையாடுகிற இடம், பூட்ஸில் சேற்றை அப்பிக்கொண்டு வருகிற இடம் என்று ஊரெல்லாம் சொன்னவள். சூப் விருந்துக்கும் வந்ததில்லை. கதவோரமாகவே நின்றுகொண்டு கேட்டாள்.

"அவரு இந்த வருஷம் எதுனா செஞ்சிருந்தாரா?"

எல்மா அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டினாள். லேசாக ஒருமுறை சுட்டு வைத்திருந்த வெள்ளைக் கிண்ணம். பூச்சுப் பூசி மறுபடி சுடவேண்டியதுதான் பாக்கி.

லெம்பி அதைத் தொடவில்லை. "எங்க வீட்டு அலமாரியில பதினேழு கிண்ணம் இருக்கு. எல்லாம் ஊரான் செஞ்சது. அவரு செஞ்சது ஒண்ணுகூட இல்ல. ஒங்க சட்டம் அப்படியாம்" என்றாள். "இத எனக்குச் சுட்டுக் குடுப்பியா?"

"குடுக்கறேன் லெம்பி. என் கையாலயே சுட்டு, நானே கொண்டாந்து குடுக்கறேன்."

எல்மா வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். ஆர்வோவுக்குப் பிடித்த பழுப்பைத் தானே பூசினாள். விருந்துக்கான கிண்ணங்களோடு சூளையில் வைக்கும்போது வழக்கம்போல் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தாள். எந்த வாளி? நீலம். எந்த வாளி? நீலம். ஆர்வோவின் கிண்ணத்தைக் கையில் எடுத்தாள். செத்தவரை யார் கேட்பது? அவர் இத்தனை வருடமும் நீலம்தான். நடுத்தட்டில், சூடு சீராகப் படுகிற நல்ல இடமாகப் பார்த்து வைத்தாள்.

இரண்டு நாள் ஆறவிட்டுக் காலையில் கதவைத் திறந்தபோது நடுத்தட்டில் கிண்ணம் இல்லை. பழுப்பாக, பளபளவென்று, ஒரு அப்பம் ஊற்றினாற்போல் பரந்து தட்டோடு ஒட்டிக் கிடந்தது. சிவப்பு வாளி! எதையும் வீணாக்கப் பொறுக்காத ஆர்வோ, காய்ந்துபோகிறதே என்று பள்ளிக்கூட மண்ணின் அடியைச் சுரண்டி எடுத்திருக்கிறார் படுபாவி.

மையத்தை நடத்துகிற ஜோலீன் ஓடிவந்து பார்த்தாள். எல்மா ஸ்டூலில் உட்கார்ந்து கைகளைப் பிசைந்துகொண்டிருந்தாள். அவளை அப்படிப் பார்த்ததே கிடையாது என்று ஜோலீன் பிறகு எல்லோரிடமும் சொன்னாள்.

"எல்மா, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது" என்றாள் ஜோலீன் தயங்கித் தயங்கி. "அவங்க அந்தக் கிண்ணத்த வெள்ளையாத்தான பாத்தாங்க? அதுவும் தூரத்துலேர்ந்து. நீல வாளி மண்ணுல கோணலா ஒண்ணு செஞ்சு, பழுப்பு பூசி..."

"வாய மூடு."

"அவங்க மனசு நோகக் கூடாதேன்னுதான்..."

"அந்தப் பொம்பள தெனம் காலைல அதுல கஞ்சி குடிப்பா ஜோலீன். ஆர்வோ கை பட்டதுன்னு தடவித் தடவிப் பாப்பா. அது உன் கையா இருந்தா, நான் என்ன மனுஷி?"

சூளைத் தட்டு கனமானது. எல்மா அதை அப்படியே தூக்கிக் காரில் வைத்துக்கொண்டு லெம்பி வீட்டுக்குப் போனாள். வாசலில் நின்றபடியே சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. "கெடுத்துட்டேன் லெம்பி. எந்த மண்ணுன்னு தெரியாமலே வெச்சேன். தெரியலன்னா வெச்சிருக்கக் கூடாது. தப்பு என்னோடது."

லெம்பி தட்டைப் பார்த்தாள். கத்தியிருந்தால்கூட எல்மாவுக்குத் தேவலை என்றிருந்திருக்கும்.

"பதினெட்டு வருஷம் வியாழக்கிழமையெல்லாம் அவர ஒங்களுக்குத்தான் குடுத்தேன்" என்றாள் லெம்பி. "ஒரு கிண்ணம் கேட்டேன்."

கதவைச் சாத்திக்கொண்டாள்.

எல்மா மூன்று நாள் மையத்துப் பக்கம் போகவில்லை. நாலாம் நாள் காரை எடுத்தாள். ஆர்வோவின் பதினேழு கிண்ணங்களும் எங்கேயும் போய்விடவில்லையே, இதே ஊரில்தானே இருக்கின்றன? அந்த அசிங்கத்தைக் கேட்டால் யார்தான் கொடுக்கமாட்டார்கள் என்று நினைத்தாள். ஆர்வோவின் கிண்ணத்தைக் கண்டுபிடிப்பது பெரிய காரியமில்லை, கேட்டதுமே எல்லோருக்கும் தெரியும். வாங்குவதுதான் தலையால் தண்ணீர் குடிக்கிற வேலையாகிவிட்டது.

தபால் நிலையத்து ஐரீன் அதில் பல்செட்டைப் போட்டு வைத்திருந்தாள். "வேற எந்தக் கிண்ணமும் உருளாம நிக்காது எல்மா. ராத்திரில கை பட்டாலும் அசையாது. இத மட்டும் கேக்காத" என்றாள். மரக்கடை ராய் டெஷாம்ப் அதில்தான் பதினோரு வருடமாக ஓட்ஸ் சாப்பிடுகிறானாம். "வேணும்னா என் டிரக்க எடுத்துட்டுப் போ" என்றான். பாதிரியார் வீட்டில் அதில் ஒரு கள்ளிச்செடி இருந்தது. "அவர் எனக்குன்னு பார்த்து மேசையில் முன்னால் நகர்த்தி வெச்சார்" என்றார் பாதிரியார். எல்லோருக்கும் லெம்பி பேரில் இரக்கம்தான். ஆனால், பக்கத்து வீட்டில் கேட்டுப் பார் என்றார்கள். ஒன்பது வீடு ஏறி இறங்கி ஒரு கிண்ணம் கிடைக்கவில்லை.

எல்மாவுக்குக் கோபம் மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. பிறகு, காரில் உட்கார்ந்து, ஆர்வோவின் அசிங்கத்தை ஊரே விடாமல் வைத்திருக்கிறதே என்று யோசித்தபோது, கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. மறுபடி அதே ஒன்பது வீட்டுக்கும், விட்டுப்போன வீடுகளுக்கும் போய் ஒன்றே ஒன்று சொன்னாள். "குடுக்க வேணாம். சனிக்கிழமை அதக் கொண்டாந்து அதுல சூப் குடிங்க. அந்தப் பொம்பள ஒரு தடவ கண்ணால பாக்கட்டும்." கடைசியாக லெம்பியின் வாசலுக்குப் போய், திறக்காத கதவைப் பார்த்துச் சனிக்கிழமை மதியம் வரும்படி சொல்லிவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை காலையிலிருந்தே பனி. ஆனாலும் கூடம் நிறைந்துவிட்டது. ஒரு அண்டாவில் பட்டாணி சூப், இன்னொன்றில் மீன் சூப். புதுக் கிண்ணங்கள் மேசையில் வரிசையாக இருந்தன. அவற்றின் நடுவே, ஆளாளுக்குக் கோட்டுக்குள் பொத்திக் கொண்டுவந்த பழுப்புக் கிண்ணங்கள், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத கோணலோடு. எல்மா கரண்டியைப் பிடித்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு ஆயிற்று. ஒன்று ஆயிற்று. சூப் தீர ஆரம்பித்தபோது கதவு திறந்தது.

லெம்பி யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. பனிபடிந்த தொப்பியோடு மேசையைச் சுற்றி மெதுவாக நடந்தாள். ஒவ்வொரு பழுப்புக் கிண்ணத்தின் எதிரிலும் நின்றாள். முழுச் சுற்றும் சுற்றி முடித்த பிறகு சொன்னாள்.

"கடவுளே, எவ்வளவு அசிங்கமா இருக்கு!"

ராய்தான் முதலில் சிரித்தான். பிறகு கூடமே சிரித்தது. லெம்பியும் சிரித்தாள், சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வேண்டுமானால் டிரக்கை எடுத்துப் போ என்று சொன்ன அதே ராய் தன் கிண்ணத்தைத் துடைத்து அவளிடம் நீட்டினான். ஐரீன் நீட்டினாள். பாதிரியார் எழுந்து நின்று நீட்டினார். நான் முந்தி, நீ முந்தி என்று ஆகிவிட்டது.

லெம்பி ஒன்றையும் வாங்கவில்லை. "உக்காருங்க. ஒங்கள்து ஒங்ககிட்டயே இருக்கட்டும்" என்றாள். அவள் பார்வை காபிப் பாத்திரத்தின் பின்னால் பதுங்கி நின்ற, ஆர்வோவின் சிநேகிதன் புரூஸ் ட்ரெவார்த்தா மேல் விழுந்தது. புரூஸ் முதுகுக்குப் பின்னால் எதையோ மறைத்துக்கொண்டிருந்தான்.

"அது என்ன?"

"ஒண்ணுமில்ல லெம்பி."

"காட்டு."

அவன் காட்டினான். இருந்ததிலேயே கோணலானது. விளிம்பெல்லாம் சில்லு பெயர்ந்து போயிருந்தது. "இது வேணாம் லெம்பி. தப்பா எடுத்துக்காத. இது... எங்க நாய்க்குத் தண்ணி வெக்கறது. அது கவுக்காத ஒரே கிண்ணம் இதுதான். ஆர்வோவுக்கும் தெரியும். வரும்போதெல்லாம் அவரே அதுல தண்ணி ஊத்துவாரு."

கூடத்தில் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"கழுவினியா?" என்றாள் லெம்பி.

"மூணு தரம். சுடுதண்ணில."

லெம்பி அதை வாங்கினாள். கட்டைவிரலால் உட்புறத்தை ஒருமுறை தடவிப் பார்த்தாள். பிறகு நேராக அண்டாவுக்கு வந்து எல்மாவின் எதிரில் நீட்டினாள்.

"அப்ப ஊத்து."

எல்மா ஊற்றினாள். பாதி நிறைந்ததும் கோணல் பக்கமாக வழியத் தொடங்கியது. லெம்பி அங்கேயே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, நிதானமாக, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். அவள் தலை நிமிரும்வரை எல்மா கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"உப்பு கம்மி" என்றாள் லெம்பி. பக்கத்து நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டாள். "நின்னது போதும் எல்மா. வந்து நீயும் குடி."

எல்மா உட்கார்ந்தாள். ஊரே பார்க்க, முகத்தை மூடாமல், பிள்ளை மாதிரி விம்மி அழுதாள்.